நெற்றிக்கு அளந்த கம்பு

"பாவம்" என்ற சொல்லைக் கேட்டால் அக்காவுக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். சொன்னது யாராக இருந்தாலும் சரி. எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் ஒருநாள் அவள் வாங்கிய வெல்லத்தோடு இன்னொரு அச்சு வெல்லத்தையும் சேர்த்துப் பொட்டலம் கட்டி, "பாவம், நீ வச்சுக்கம்மா" என்று நீட்டினார். அக்கா அங்கேயே பொட்டலத்தைப் பிரித்தாள். கூடுதலாக இருந்த அச்சை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தாள்.

"பாவப்பட்டவங்களுக்குக் கொடுக்கணும்னா கோயில் வாசல்ல கொடுங்க. நான் கடைக்கு வந்தவ" என்றாள்.

கடைக்காரர் அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பொருமினார். நல்லதுக்குக் காலமில்லை என்றார். கேட்டவர்கள் எல்லோரும் அவர் பக்கம் பேசினார்கள். நான் மட்டும் அக்கா பக்கம். எனக்கு அப்போது கல்யாணமாகாத வயசு. வாய் நீளம், வேலை குட்டை என்று என் அம்மா சொல்வாள். அது பொய்யும் இல்லை.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் அல்ல. எதிர்வீட்டு மருமகள். நெடுங்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய சமயம். அவள் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சில வருஷம்கூட ஆகவில்லை, வயலில் தண்ணீர் கட்டப் போன புருஷனைப் பாம்பு கடித்துவிட்டது. பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. மாமியாரும் புருஷனை இழந்தவள்தான். வேறு பிள்ளையும் கிடையாது. இரண்டு பேரும் வெள்ளைச் சேலையோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் கேட்கிற சிரிப்பை எங்கள் வீட்டில் கேட்க முடியாது. மாமியாரும் மருமகளும் தாயக்கட்டம் ஆடுவார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். வெட்ட வேண்டிய காயை நான் வெட்டாமல் விட்டால் அக்காவுக்குக் கண்டுபிடித்துவிடத் தெரியும். ஆட்டத்தையே கலைத்துவிடுவாள்.

"ஏன்டி விட்ட? இரக்கமா? உன் இரக்கத்த உப்புல போட்டு ஊறுகா போடு. காய வெட்டு."

வெட்டினால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தோற்கப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஜெயிப்பதில் அவளுக்கு இருந்த வெறி எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. எதிரில் இருப்பவள் முழு மனசோடு ஆடினாள் என்று தெரிந்தால் போதும், தோற்றாலும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவாள்.

ஆள் நல்ல உயரம். கை பெரிய கை. நடவுக்குப் போனால், புருஷனை இழந்தவளாயிற்றே என்று வரப்போரமாக மரத்து நிழலில் இடம் விடுவார்கள். அதைத் தாண்டிப் போய் நட்ட நடு வயலில் இறங்குவாள். நாற்றுக் கட்டைப் பிரிக்கிற வேகத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தில் சேறு தெறிக்கும்.

அந்த நடவு வேலைதான் எங்களைக் கம்பு பிடிக்க வைத்தது. பழைய பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. எங்கள் பக்கம் தடையில்லை. அதனால் பொழுது சாய்வதற்கு முன்னாலேயே அந்தப் பக்கத்து ஆட்கள் வாய்க்கால் கரையோடு வந்து, எங்கள் ஊர்ச் சாராயக்கடையில் குடித்துவிட்டு, அதே கரையோடு திரும்புவார்கள். நாங்கள் நடவு முடிந்து திரும்புவதும் அந்தக் கரைதான். வழிமறிப்பது, கேலி பேசுவது, கூடையைப் பிடித்து இழுப்பது என்று தொல்லை வளர்ந்துகொண்டே போனது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, வயசுப் பெண்களைக் கொஞ்ச நாளைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

"அப்ப நாத்து நடப்போறது யாரு? நீங்களா?" என்று கேட்டாள் அக்கா. சபையில் பெண்பிள்ளை பேசிவிட்டாளே என்று அவர்கள் திகைத்து முடிப்பதற்குள், அவள் நேராகச் சிலம்பக் கூடத்துக்குப் போய்விட்டாள். எங்களில் நான்கைந்து பேர் பின்னாலேயே போனோம்.

சிலம்ப வாத்தியார் பிரெஞ்சுக்காரன் படையில் இருந்து சைகோன் வரை போய்வந்தவர். சிப்பாய் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். 'சொல்தா' என்று சொல்ல வேண்டும். மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "கத்துத் தரேம்மா. காலையில ஆம்பளங்க ஆடட்டும். அவங்க போனப்புறம் நீங்க தனியா ஆடிக்குங்க" என்றார்.

"எங்கள வழிமறிக்கிறது பொம்பளையா வாத்தியாரே? ஆம்பளதானே? ஆம்பளகூடவே ஆடினாத்தான் அவன் கை எப்படி வரும்னு தெரியும்."

வாத்தியார் சிரித்துவிட்டார். மறுநாளே மூங்கில் வெட்டி, ஒவ்வொருத்தியாக நிறுத்தி, கம்பை எங்கள் நெற்றி மட்டத்துக்கு அளந்து நறுக்கினார். சிலம்பக் கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அக்காவின் கம்புதான் எங்களில் நீளம். சில ஆண்களின் கம்பைவிடவும் நீளம்.

சேலையை இழுத்துத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஆண்களோடு வரிசையில் நின்றோம். முதல் சில நாள் நான் சுற்றிய கம்பு என் கணுக்காலைத் தவிர வேறு யாரையும் அடிக்கவில்லை. அக்காவுக்கு அது கை வந்த கலை மாதிரி வந்தது. அப்படிச் சொன்னாலும் திட்டுவாள். "கை எங்கடி வந்துச்சு, நான்ல போயி இழுத்துட்டு வந்தேன்" என்பாள். மாமியார் நெல் புழுக்கிக்கொண்டிருக்க, அவள் கொல்லையில் முருங்கை மரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். அந்த வருஷம் முருங்கைக்காய் காய்க்கவே இல்லை.

எங்கள் கூடத்தில் ஆட்டத்துக்கு ஒரு முறை உண்டு. கம்பின் நுனியில் துணி சுற்றி, அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து அதில் தொட்டுக்கொள்வார்கள். உடம்பில் எங்கே கரி பட்டாலும் ஒரு தொடு. நெற்றியில் பட்டால் ஆட்டமே முடிந்தது. அதற்குப் 'பொட்டு வைப்பது' என்று பெயர். திருவிழா ஆட்டத்தில் கூட்டத்துக்குத் தெரியட்டும் என்று கரிக்குப் பதிலாகக் குங்குமத்தைக் குழைத்துத் தொட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். தச்சர் வீட்டு அண்ணனுக்கு, அவர் தம்பிக்கு, மாட்டு வண்டி ஓட்டுகிறவருக்கு என்று யாரையும் விடவில்லை. அவள் நெற்றியில் மட்டும் யாராலும் கரி வைக்க முடியவில்லை. நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எதிர்வீட்டுக்காரி என்கிற ஒரே உறவை வைத்துக்கொண்டு நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் நடவு முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிக்கொண்டிருந்தோம். குடித்திருந்த ஒருவன் வேலியில் நட்டிருந்த ஒரு போத்துக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு கரையை மறித்து நின்றான். என் கூடையைப் பிடித்து இழுத்தான். அக்கா முன்னால் வந்தாள். கம்பு இரண்டு முறை போனது. ஒன்று அவன் முழங்கால், இன்னொன்று மணிக்கட்டு. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அவன் கண்மண் தெரியாமல் போத்தைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கினான். அது நேராக அக்காவின் நெற்றியில் விழுந்தது.

ரத்தம் கண்ணை மறைக்க, அப்படியே அவனை வாய்க்காலில் தள்ளினாள். அவன் தண்ணீரில் உட்கார்ந்து எங்களைக் கும்பிட்டான். பெண்களெல்லாம் கைதட்டிக் குலவையிட்டார்கள். அக்கா எதையும் கேட்கவில்லை. என் முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு, வீடு வரும்வரை ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

"என் கை ஏன்டி மேல வரல?"

விலாவைக் காக்க வந்த கை, தோளைக் காக்க வந்த கை, நெற்றியைக் காக்க மட்டும் வரவில்லை. மாமியார் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துக் கட்டினாள். "போனது போகட்டும், கண்ணு தப்புச்சே" என்றாள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காயம் ஆறியதும் கூடத்துக்கு வந்தாள். எதிரில் தச்சர் வீட்டு அண்ணன். ஆட்டம் நடக்கும்போதே அக்கா கம்பைச் சட்டென்று இடுப்புக்குக் கீழே இறக்கிவிட்டு நின்றாள். நெற்றி வெட்டவெளியாகக் கிடந்தது. நானே எட்டிப் பொட்டு வைத்திருக்கலாம். அண்ணன் கம்பு மேலே வந்தது, தயங்கியது, திரும்பிப் போய்த் தோளைத் தொட்டது. அவர் தம்பியைக் கூப்பிட்டாள். அவனும் தோளைத்தான் தொட்டான். வண்டிக்காரர் விலாவைத் தொட்டார்.

அக்கா கம்பைத் தரையில் படுக்க வைத்தாள். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு கேட்டாள்.

"எத்தினி நாளா இப்படி ஆடுறீங்க?"

தச்சர் வீட்டு அண்ணன்தான் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "தப்பா நெனைக்காத தங்கச்சி. கரின்னாலும் அது பேரு பொட்டு. புருஷன் இல்லாத பொண்ணு நெத்தியில எவன் பொட்டு வைப்பான்? நாளைக்கு ஊரு வேற மாதிரி பேசும். உன் நல்லதுக்குத்தான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கூடிப் பேசி முடிவு செய்தவர்களும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, மரியாதை என்று நினைத்து, அந்த நெற்றியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரும் வராத வழிக்கு அவள் கை காவல் கற்றுக்கொள்ளவே இல்லை.

அக்கா நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தா பாருங்க, உங்க மரியாதை. வாய்க்கா கரையில நிக்கிறவன் தாலி இருக்கா இல்லையான்னு பாத்துட்டா அடிக்கிறான்?"

வாத்தியார் சமாதானத்துக்கு வந்தார். "உனக்கு மட்டும் நெத்திக்குப் பதிலா தோள்னு வச்சுக்கலாம்மா. தோளைத் தொட்டா ஆட்டம் முடிஞ்சுது."

"கம்ப மட்டும் நெத்திக்கு அளந்து வெட்டினீங்களே வாத்தியாரே, அப்பவே தோளுக்கு அளந்திருக்கலாமே" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவள் கூடத்தில் யாரோடும் ஆடவில்லை. வராமலும் இருக்கவில்லை. தினமும் வருவாள், ஓரமாக நின்று தனியாகக் கம்பு சுற்றுவாள், போவாள். ஆண்களுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெரியவர்களுக்கோ பொட்டுப் பேச்சு காதில் விழுந்து, பெண்களை இதோடு நிறுத்திவிடலாமா என்று யோசனை வந்துவிட்டது. அவள் ஒருத்தியின் நெற்றியை வைத்து எங்கள் எல்லோருடைய கம்பும் பறிபோகும் போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்பகரத்தூர்த் திருவிழா வந்தது. கோயிலுக்குத் தள்ளி இருந்த திடலில் ஊருக்கு ஊர் சிலம்பம் ஆடுவார்கள். எங்கள் கூடத்திலிருந்து அக்கா பெயர் கொடுத்தாள். எதிராளி அம்பகரத்தூரில் மரக்கடை வைத்திருந்த பாய். பிள்ளைகுட்டிக்காரர், கனத்த ஆள். ஆனால் கம்பு எடுத்தால் அந்தச் சரீரம் எங்கே போகுமென்றே தெரியாது. ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பாயிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். பாய் அதைக் காதோடு வைத்துக்கொள்ளவில்லை. திடலுக்கு நடுவில் வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஏம்மா தங்கச்சி, நெத்திய விட்டுட்டு ஆடணுமாமே? அப்படியா?"

"நீங்க எப்படி ஆடுவீங்க பாய்?"

"எனக்குத் தெரிஞ்சது ஒரு ஆட்டந்தாம்மா."

"அப்ப அதையே ஆடுங்க" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பாய் குங்குமக் கிண்ணத்தில் கம்பைத் தொட்டார். "எங்க தெருவுல ஆடும்போது கரி, இங்க குங்குமம். கம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தார். இருவரும் மண்ணைத் தொட்டு வணங்கினார்கள்.

நானும் அவள் மாமியாரும் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றோம். மாமியார் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. ஆட்டம் தொடங்கியதும் முதல் தொடு அக்காவுடையது, பாயின் தோளில். அடுத்ததும் அவளுடையதே. கூட்டம் ஆர்ப்பரித்தது. பாய் பின்வாங்கி, சுற்றி வந்து, விலாவைக் குறிவைப்பது போலக் காட்டினார். அக்காவின் கம்பு கீழே இறங்கியது. அந்த இமைப்பொழுது போதும் அவருக்கு. கம்பு மேலே போய், ஒரு பூவை வைக்கிற பக்குவத்தில் அவள் நெற்றியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

தழும்புக்கு மேலேயே வட்டமாகக் குங்குமம்.

அக்கா மூச்சு வாங்க நின்றாள். பிறகு சிரித்தாள். பல் தெரிய, குழந்தை மாதிரிச் சிரித்தாள். பாய்க்கு முன்னால் குனிந்து மண்ணைத் தொட்டாள். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் நடுங்குகிற குரலில், "நெத்தியத் துடைம்மா. ஐயோ பாவம்" என்றார்.

அக்காவின் மூக்கு விடைத்தது. ஆனால் அவளுக்கு முன்னால் என் கையை உதறிவிட்டு மாமியார் திடலுக்குள் போய்விட்டாள். முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். துடைக்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். மருமகளின் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். கண்ணோரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். நெற்றியைத் தொடவில்லை. பிறகு அந்தக் கிழவர் பக்கம் திரும்பினாள்.

"யாரண்ணே பாவம்? எம்மருமவ ஆடித் தோத்திருக்கா. அவ நெத்தியில இருக்கறது பொட்டு இல்ல, அடி. அடிக்கு என்ன சாங்கியம் வேண்டிக்கெடக்கு?"

பாய்தான் முதலில் கைதட்டினார். பிறகு அவருடைய ஆட்கள். பிறகு தச்சர் வீட்டு அண்ணன். அப்புறம் யார் தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று எனக்குத் தெரியாது. என் கண் கலங்கிவிட்டது. பெருமையில்தான். வேறெதுவும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் எங்களைப் பார்த்தவர்கள் முதலில் வெள்ளைச் சேலையைப் பார்த்தார்கள், பிறகு நெற்றியைப் பார்த்தார்கள், பிறகு கையிலிருந்த கம்பைப் பார்த்தார்கள். கம்பைப் பார்த்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த இடத்தில் கை தாழ்ந்தது என்று வழி நெடுக எனக்கு விளக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கூடத்தில் வாத்தியார் தன் கம்பையே எடுத்தார். கரியைத் தொட்டார். அக்காவுக்கு எதிரில் வந்து நின்று, நேராக நெற்றிக்குக் குறிவைத்தார். அவருக்குப் பின்னால் தச்சர் வீட்டு அண்ணன் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவம் முழுக்க அக்கா தோற்றாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் மொத்தமாக வைத்தார்கள். நெற்றி நிறையக் கரியோடு, தெருமுனையில் வரும்போதே கத்திக்கொண்டு வருவாள்.

"அத்தே, இன்னிக்கும் தோத்துட்டேன்!"

"எவன்டி?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"தச்சர் வீட்டு அண்ணன்! ரெண்டு தடவ!"

"நல்லா வேணும். கால அலம்பிட்டு வா, சோறு போடுறேன்."

தெருவுக்கே அது பழகிப்போனது. அவள் குரல் கேட்டால் என் அம்மா உலையை இறக்குவாள். தோற்றதை இத்தனை கம்பீரமாக ஊருக்குச் சொன்ன வேறு ஒரு ஆணையோ பெண்ணையோ நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் கம்பைப் பறிக்க வேண்டும் என்று யோசித்த பெரியவர்கள், தங்கள் பெண்களும் கூடத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

அறுவடைக்கு முன்னால் ஒருநாள் அவள் சத்தமில்லாமல் வந்தாள். வேலியோரம் நின்றிருந்த என்னையும் கவனிக்கவில்லை. கம்பைக் கதவோரம் சாத்தினாள். உள்ளேயிருந்து மாமியார் கவலையோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, சத்தத்தையே காணும்?"

அக்கா முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். கையெல்லாம் கரி. தோளில் கரி. வெள்ளைச் சேலை முழுக்கக் கரி. நெற்றி சுத்தமாக இருந்தது.

"எல்லாரும் நெத்தியத்தான் பாத்து ஆடினாங்க அத்தே," என்றாள். "ஒருத்தராலயும் முடியல."